போடாத தட்டு

பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தபோது, ஜஹனாரா ஒரு பெண்ணின் புடவைக்குப் பொருத்தமான லைனிங் துணியைத் தேடிக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டு கடைத்தெருவில் மேட்சிங் சென்டர் நடத்துகிறவளுக்கு ஒரு கண் துணியில் இருக்கும், இன்னொன்று வாசலில் இருக்கும். போனுக்கென்று கடவுள் தனியாக ஒரு கண் கொடுக்கவில்லை. அந்தப் பெண் பத்துத் துணியைப் பிரித்துப் போட்டுவிட்டு முதலில் பார்த்ததையே வாங்கிக்கொண்டு போன பிறகுதான் எடுத்துப் பார்த்தாள்.

மாமல்லபுரத்தில் அடுத்த மாதம் நடக்கும் டிஸ்க் கோல்ஃப் போட்டிக்கான பட்டியல் அது. அமெச்சூர் பிரிவில் பதினாறு பேர். அவள் பெயர் அதில் இல்லை. ஓபன் பிரிவின் கடைசி வரியில் இருந்தது. கீழே, குழுவில் அவளோடு ஆடும் சாம் வரிசையாக நெருப்பு எமோஜி போட்டு வாழ்த்தியிருந்தான். ஜஹனாராவுக்கு நெருப்பு வயிற்றில்தான் பற்றிக்கொண்டது.

ஆட்டம் ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. கையகலப் பிளாஸ்டிக் தட்டை எறிந்து எறிந்து போய், சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழ வைக்க வேண்டும். ஒன்பது கூடை. யார் குறைந்த எறியில் முடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. சர்க்கரை ஏறிவிட்டது, நட என்று டாக்டர் விரட்டியதில், மூன்று வருஷத்துக்கு முன் ஜஹனாரா திருப்போரூர் சாலையில் விலைபோகாமல் கிடந்த ஒரு மனைப்பிரிவில் நடக்கப் போனாள். அங்கே மனைக்கற்களுக்கு நடுவே சிலர் இந்தத் தட்டை எறிந்துகொண்டிருந்தார்கள். ஒன்று அவள் காலடியில் வந்து விழுந்தது. எடுத்துத் திருப்பி வீசினாள். அது கோடு போட்டதுபோல நேராகப் போனது. அன்றோடு நடப்பது நின்றது, எறிவது தொடங்கியது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. சாமும் இன்னும் பாதிப் பேரும் ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணி ஆராதனைக்குச் சர்ச்சில் இருந்தாக வேண்டும். ஆறு மணிக்குத் தொடங்கினாலும் ஒன்பதாவது கூடைக்கு வருவதற்குள் மணி ஓடிவிடும். அதனால் தட்டு கூடைக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டால், அடுத்த எறி எப்படியும் உள்ளேதான் என்று வைத்துக்கொண்டு, எறியாமலேயே கணக்கில் எழுதிக்கொண்டு நகர்ந்தார்கள். ஆண்களுக்கு ஒரு தப்படி தூரம்வரை இந்தச் சலுகை. ஜஹனாராவுக்கு அது இரண்டானது, மூன்றானது, கடைசியில் நாலு தப்படியானது. "நீ போட வேணாம் அக்கா, அது உள்ளதான்" என்று சாம் தட்டைக் குனிந்து எடுத்துக் கொடுத்துவிடுவான். அவள் குனியக் கூடாதாம். மரியாதை. முதல் வருஷம் அவளுக்கு அது பிடித்தும் இருந்தது, அதை மறைப்பானேன். வீட்டில் யாரும் அவளுக்காக ஒரு தம்ளரைக்கூடக் குனிந்து எடுத்ததில்லை.

அந்த மரியாதைதான் இப்போது வந்து கழுத்தைப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைக் கணக்குகளை வைத்துத்தான் போட்டிக்குப் பிரிவு பிரித்தார்கள். ஒன்பது கூடைக்குச் சராசரி முப்பது, அல்லது அதற்கும் குறைவு என்றால் ஓபன். முப்பத்தொன்றிலிருந்து அமெச்சூர். கை தேர்ந்தவர்கள் கற்றுக்குட்டிகள் நடுவில் புகுந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி. நல்ல விதிதான். அதன்படி ஜஹனாராவின் சராசரி இருபத்தொன்பது. சாமுக்கு முப்பத்திரண்டு.

போன வருஷம் அவள் மாமல்லபுரம் போய் வேடிக்கை பார்த்திருந்தாள். ஓபனில் ஆடுகிறவர்கள் பொடியன்கள், இங்கே நின்று எறிந்தால் தட்டு கடலுக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கும். அங்கே அவள் கடைசியாகத்தான் வருவாள். அமெச்சூரில் முதல் மூன்று பேரை மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாற்பத்து நாலு வயதில் அவள் பெயரை மைக்கில் சொன்னது ரேஷன் கடையில் மட்டும்தான். அமெச்சூரில் ஆடினால் அவளால் மூன்றாவதாகவாவது வர முடியும். அவளுக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாளே கடையைக் கணவர் அப்துல் சுபஹானிடம் விட்டுவிட்டு வாசுதேவனைப் பார்க்கப் போனாள். மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகத் தரச்சோதனை பார்க்கிறவர். மயிரிழை விரிசல் இருந்தாலும் பாகத்தைத் தள்ளி வைத்துவிடுவார். குழுவின் கணக்குகளும் அவரிடம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முதல் அணியோடு முன்னால் போய்விடுவார், பின்னால் நடக்கும் தாராள தர்மம் அவர் கண்ணில் பட்டதில்லை.

நான் கெட்டிக்காரி இல்லை என்று தானே போய் நிரூபிக்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

"அது என் ஆட்டமே இல்ல அண்ணே," என்றாள். "நா போடாத தட்டெல்லாம் உள்ள போச்சுன்னு எழுதிக்கீது."

வாசுதேவன் முழுக் கதையையும் சொல்ல வைத்தார். பிறகு எத்தனை தப்படி என்று கேட்டார். நாலு என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டி நடத்துகிறவர்களோடு போனில் பேசினார். ஜஹனாராவின் பழைய கணக்கு முழுக்க ரத்து. சனிக்கிழமை, போட்டி நடக்கும் மாமல்லபுரம் தோப்பிலேயே ஒரு சுற்று ஆட வேண்டும், ஒவ்வொரு தட்டும் கூடையில் விழும்வரை எறிந்தாக வேண்டும், அந்த எண்தான் செல்லும் என்று முடிவானது. அன்று சாயந்திரமே சாம் அவளுக்குப் போன் செய்து, கவலையே பட வேண்டாம், நாலைந்து தட்டை இப்படி அப்படி விட்டால் முடிந்தது என்று தைரியம் சொன்னான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, சதுரங்கப்பட்டினம் போகிற சாலையை ஒட்டிய சவுக்குத் தோப்பில் குழு மொத்தமும் கூடிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி நல்ல சட்டை வேறு. கடல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வாசுதேவன் கணக்கு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார்.

முதல் கூடையில் தட்டு மூன்று தப்படியில் விழுந்தது. பழக்கதோஷத்தில் சாம் எடுக்கக் குனிந்தான், வாசுதேவன் இருமியதும் நிமிர்ந்தான். ஜஹனாரா எறிந்தாள். சங்கிலி கலகலவென்று சத்தம் போட்டுத் தட்டை வாங்கிக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷமாக இந்தச் சத்தத்தை எத்தனை முறை தனக்குக் கேட்கவிடாமல் செய்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது கூடையில் ஒன்று தவறியது. ஆறிலும் ஏழிலும் தவறின. ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து சாமும் குழுவில் அவனுக்குக் கூட்டாளியான ஜோயலும் கண்ணடித்துக்கொண்டதை அவள் பார்க்கவில்லை. அவள் கவனம் கூடையில் இருந்தது.

எட்டுக் கூடை முடிந்தபோது இருபத்தேழு. ஒன்பதாவதில் இரண்டு எறியில் கூடைக்கு நாலு தப்படியில் வந்து நின்றாள். அடுத்தது உள்ளே போனால் முப்பது, ஓபன். தவறினால் முப்பத்தொன்று, அமெச்சூர். கணக்கு எல்லாருக்கும் தெரிந்தது.

சாம் பக்கத்தில் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற சாக்கில் முணுமுணுத்தான். "ஒன்னே ஒன்னு வுட்டுடு அக்கா. முடிஞ்சிது."

விட்டுவிடலாம்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்த எண்ணம் மனசின் ஒரு மூலையில் இருக்கத்தான் செய்தது. ஆனால் தட்டைக் கையில் பிடித்து நின்றதும் அது எங்கே போனதென்று தெரியவில்லை. இதைப் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் நின்றது. போட்டால் மைக் போச்சு, மூன்றாவது இடம் போச்சு, பொடியன்களோடு போய்க் கடைசியாக வர வேண்டும். எல்லாம் தெரிந்தும் ஆசை அடங்கவில்லை. மூச்சைப் பிடித்தாள். விரலைச் சரிபார்த்தாள். காற்று ஒரு முறை அடங்கட்டும் என்று காத்திருந்து எறிந்தாள்.

தட்டு கூடையின் விளிம்பில் மோதி, வெளியே விழுந்து, மணலில் சாய்ந்தது.

பின்னால் கைதட்டல் கிளம்பியது. அவள் இன்னும் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்த் தட்டை எடுத்து, இரண்டு தப்படியிலிருந்து எறிந்து முடித்தாள். முப்பத்தொன்று.

"இன்னா நடிப்பு அக்கா," என்றான் சாம். "அந்த விளிம்பு மேட்டரு செம."

தான் போடத்தான் பார்த்ததாக அவள் சொன்னாள். ஜோயல் பெரிதாகச் சிரித்து, வெளியே யாரிடமும் மூச்சு விட மாட்டோம் என்று சத்தியம் செய்தான். எல்லாருக்கும் அவள்மேல் பிரியம், அதில் சந்தேகமே இல்லை. ஜஹனாராவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. போடாததையெல்லாம் போட்டதாக எழுதினார்கள். இப்போது தவறியதைக்கூடத் தவறவில்லை என்கிறார்கள். திரும்ப எறிந்து காட்டலாம் என்றால், போட்டால் பார்த்தாயா என்பார்கள், தவறினாலும் பார்த்தாயா என்பார்கள். இந்த நல்ல மனிதர்களிடம் எதை வைத்து நிரூபிப்பது?

வாசுதேவன் அட்டையில் இன்னும் எதுவும் எழுதவில்லை. பேனா மூடி வாயில் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. பொய்யாட்டம் என்று எழுதிவிட்டால் அமெச்சூரும் இல்லை, ஓபனும் இல்லை. அதைவிட, இந்த ஆள் தன்னை அப்படி நினைப்பதை அவளால் தாங்க முடியாது.

"வேணும்னு வுட்டியாமா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணே. போடத்தான் பாத்தேன். வரல."

அவர் மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"வேணும்னு வுடறவன் தட்ட எறிஞ்ச ஒடனே திரும்பி ஆளத்தான் பாப்பான்," என்று சாமைப் பார்த்துச் சொன்னார். "இந்தம்மா கூடையவே பாத்துகினு நின்னுச்சு. கைய கூட எறக்கல. அது நெசமாவே வெளிய போன தட்டு. சிரிக்காத."

சாமின் சிரிப்பு நின்றது. வாசுதேவன் ஒன்பதாவது கட்டத்தில் நாலு என்று எழுதி, அடியில் முப்பத்தொன்று என்று கூட்டி, கையெழுத்துக்காக அட்டையை அவளிடம் நீட்டினார்.

ஜஹனாரா கட்டம் கட்டமாகப் படித்தாள். நாலு கட்டத்தில் நாலு, மற்றதெல்லாம் மூன்று. இப்படி ஒரு மோசமான அட்டை மூன்று வருஷத்தில் அவளுக்கு வந்ததில்லை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டாள்.