வராத நாற்பது

"சின்னத் தப்புதானே, சரி பண்ணிடலாம்" என்று அண்ணன் சொன்னதும் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருவரும் சேர்ந்து உருவாக்கிய கணினி மொழி அது. முதலில் அதில் குலுக்கி எடுக்க மூன்று கட்டளைகள் இருந்தன: முழு எண்ணுக்கு ஒன்று, பின்னத்துக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று. எது எதற்கு என்று புரியாமல் ஜனங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் மூன்றையும் ஒன்றாக்கினான். பின்னத்தைக் குலுக்கினால் மேல் எல்லையாகக் கொடுத்த எண் வராது, ஆகவே முழு எண்ணிலும் அது வரக்கூடாது, அப்போதுதான் ஒரே சீராக இருக்கும் என்று அந்த மகாமேதை தானாகவே முடிவு கட்டினான். அன்றிலிருந்து ஒன்றுமுதல் நாற்பதுவரை கேட்டால் நாற்பது மட்டும் வரவே வராது.

அந்தக் கட்டளையை நம்பி ஒரு பள்ளி தன் விடுதி இடங்களைக் குலுக்கிப் போட்டிருக்கிறது. காலையில் ஒரு தாயின் கடிதம் வந்தது. மூன்று வருடமும் விண்ணப்பித்த நாற்பது பேர் பட்டியலில் தன் மகள் பெயர்தான் கடைசி, மூன்று வருடமும் இடமில்லை, தினம் நான்கு மணி நேரம் பஸ்ஸில் அலைந்த பிள்ளை இப்போது படிப்பையே விட்டுவிட்டாள், உங்கள் குலுக்கல் சரிதானா என்று கேட்டிருந்தாள்.

ஒரே சீராம் சீர், ஒரு பிள்ளையின் படிப்பில் மண்ணை அள்ளிப் போட்டாயே என்று தங்கை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அண்ணன் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவன் செய்த மாற்றத்தின் கீழே, 'பார்த்தேன், சரி' என்று அவளுடைய ஒப்புதல். அவன் அனுப்பிய ஒரே நிமிடத்தில் கொடுத்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதில்லை, கூடப் பிறந்தவர்களுக்குள் என்ன சரிபார்ப்பு என்று இத்தனை நாளும் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

கோபம் தணியவில்லை. அவள் மேலேயே திரும்பியது.

கடிதத்தில் இருந்த எண்ணுக்குத் தானே போன் போட்டாள். எடுத்தது அந்த மகள். அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள் என்றாள்.

"குலுக்கல்ல உன் பேர் வர வழியே இல்லாம நாங்க எழுதி வெச்சுட்டோம்மா. தப்பு எங்களோடது."



"அப்ப நான் ராசியில்லாதவ இல்லையா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "அப்பா உள்ளதான் இருக்காரு. நீங்களே சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாரு."