பதினொன்று புள்ளி ஆறு

மூன்று வருடமாக என் உயிர் ஓர் எண்ணில்தான் தொங்குகிறது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று. கலமாத்தா நகர ஆஸ்பத்திரியில் என் புரோஸ்டேட் சுரப்பியைப் புற்றுநோயோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறேன். அதில் பி.எஸ்.ஏ. என்று ஒன்றைப் பார்க்கிறார்கள். ஏறாமல் கிடந்தால் நான் பிழைத்தேன். ஏறினால் போன சனியன் திரும்பி வருகிறது என்று அர்த்தம். “இவ்ளோ குறைவா உங்கள மாதிரி எடுத்துப்போட்டவங்களுக்குத்தான் இருக்கும். சுரப்பி உள்ள இருக்கிற அறுபது வயசு ஆளுக்கு எப்படியும் கொஞ்சம் காட்டும்” என்று டாக்டரம்மா முதல் தடவையே சொல்லியிருந்தார்.

என் பெரியப்பா மகனுக்கும் என் பெயர்தான். சராந்தோஸ் மவ்ரேயாஸ். கிரேக்க நாட்டுத் தென்கோடியில் இருக்கிற எங்கள் மானிப் பகுதியில் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும். தாத்தாவுக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆக ஒரே ஊரில், ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு சராந்தோஸ் மவ்ரேயாஸ். ஊரில் யாரும் எங்களை அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. நான் நெட்டை, அவன் மீசை.

மீசையை ரத்தம் கொடுக்க வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமா? நம் குடும்பத்தில் இது ஓடுகிறது, போய்ப் பாரடா என்று மூன்று வருடம் தொண்டை கிழியக் கத்தினேன்.

“உனக்கு வேற வேலையில்லடா நெட்டை,” என்பான். “நீ அந்த எண்ணையே கட்டிக்கிட்டு அழு. எனக்கு ஒண்ணுக்குப் போறதுல ஒரு குறையும் இல்ல.”

“எனக்கு மட்டும் குறை இருந்துச்சா? தெரியாமத்தானடா வந்துச்சு.”

“சும்மா கிடக்கிற சங்கை எதுக்கு ஊதிக் கெடுக்கணும்?”

கடைசியில் இந்த நவம்பரில், ஆலிவ் பறிப்பு நடுவில், என் வாய்க்குப் பயந்து என்னோடு பஸ் ஏறினான். ஒரே காலையில் இருவரும் ரத்தம் கொடுத்தோம். திரும்பும்போது கையில் ஒட்டிய பஞ்சை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே வந்தான். ஏதோ போருக்குப் போய்வந்த நினைப்பு அவனுக்கு.

எங்கள் ஊருக்குச் சோதனை முடிவுகள் பஸ்ஸில்தான் வரும். டிரைவர் உறைகளைக் கலிரோயி அக்காவின் காபிக் கடையில் போட்டுவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமை அவள் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். மேலே என் பெயர். வழக்கம்போல வெளியே வந்து, சைப்ரஸ் மரத்தடியில் நின்று பிரித்தேன்.

பதினொன்று புள்ளி ஆறு.

திரும்பவும் பார்த்தேன். எண்ணைத் தவிர அந்தத் தாளில் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோப்புக்குப் போய், இருட்டும்வரை காய் உதிர ஆலிவ் கிளைகளைக் கழியால் அடித்தேன். மரத்தை அடிக்கிற அடியா அது!

என் மனைவி ஃபோதினியிடம் சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பட்டது போதும். “உறை வந்துச்சா?” என்று கேட்டாள். “இன்னும் வரல” என்றேன். நாற்பது வருடத்தில் அவளிடம் இவ்வளவு சுலபமாக நான் பொய் சொன்னதில்லை. பீன்ஸ் சூப்பை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிண்ணத்தை அப்படியே தள்ளிவைத்தேன்.

இரண்டு நாள். டாக்டரம்மாவைத் திங்கள்கிழமைதான் பிடிக்க முடியும். அந்த இரண்டு நாளும் நான் கடவுளைத் திட்டவில்லை, மீசையைத் திட்டினேன். உண்மையைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட் ஊதுகிறவன், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவன், அவனுக்கு ஒன்றும் இல்லை. சொன்னபடி கேட்டு, உப்பைக் குறைத்து, ஒயினைக் குறைத்து நடந்த எனக்குத்தானா? அவனுக்கு வரக்கூடாதா என்றுகூட நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஊர் ஆண்கள் எல்லாம் கலிரோயி கடையில். நான் மூலையில் உட்கார்ந்தேன். மீசை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான், கையில் அவன் உறை.

“அக்கா, எல்லாருக்கும் ஒயின் ஊத்து. இன்னைக்கு என் பேர்ல.”

“என்ன விசேஷம்? பேத்தி பொறந்துட்டாளா?” என்றாள் கலிரோயி.

“அதைவிடப் பெருசு. இந்த நெட்டை மூணு வருஷமா எனக்குச் சாவு மணி அடிச்சானே, கேளுங்க.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாதிரியார் வேதம் வாசிப்பதுபோல இழுத்து வாசித்தான். “பூஜ்யம்… புள்ளி… பூஜ்யம்… ஒன்று. ஒண்ணுமே இல்லையாம்டா. பச்சப்புள்ள ரத்தம்!”

எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள்.

நான் தூக்கவில்லை. அந்த எண்ணை எனக்குத் தெரியும். அது என் எண். சுரப்பி உள்ளே இருக்கிற எவனுக்கும் அது வராது.

அப்போது எனக்குள் பொங்கியது சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கால் முதல் தலைவரை சந்தோஷம். பிழைத்தேன், பிழைத்தேன் என்று உள்ளே ஒருவன் குதித்தான். அதன் பிறகுதான் சட்டைப் பையிலிருந்த தாள் யாருடையது என்று உறைத்தது. எதிரே மீசை நனைந்த மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் போல் ஒரு கேவலமான பிறவி உண்டா என்று தோன்றியது.

இன்று ஒரு நாள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் அவனை எனக்குத் தெரியும். இந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால், அப்புறம் யார் சொன்னாலும் ஊசிக்குக் கை நீட்டமாட்டான். எழுந்து அவன் தோளைப் பிடித்து வெளியே சைப்ரஸ் மரத்தடிக்குக் கூட்டிப்போனேன்.

“என்னடா, பொறாமையா?” என்றான்.

“அந்தத் தாளைக் குடு.”

இரண்டையும் விரித்தேன். பெயருக்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல் சின்ன எழுத்தில் தகப்பன் பெயர். அவன் கையிலிருந்ததில் இலியாஸ், என் அப்பா. என்னிடமிருந்ததில் தனாசிஸ், அவன் அப்பா.

அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தான். இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். உள்ளே யாரோ அவன் நலத்துக்காக இன்னும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பதினொண்ணுன்னா ரொம்பவா?”

“எண்ணை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுடா. ஸ்கேன் எடுக்கணும், சதையை எடுத்துப் பார்க்கணும். எனக்கு முதல்ல பதினாலு இருந்துச்சு. இதோ நிக்கிறேன்ல.”

“அப்ப உனக்கு ஒண்ணுமில்ல?”

“இல்ல.”

“வெள்ளிக்கிழமையிலிருந்து இது உன் பையிலயா இருந்துச்சு?”

“ஆமா.”

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டான். பிறகு திரும்பி உள்ளே போனான். நானும் பின்னால் ஓடினேன். எதையாவது உடைப்பான் என்று பயந்தேன்.

“அக்கா, இன்னொரு தடவை எல்லாருக்கும் ஊத்து,” என்றான். “முதல்ல ஊத்துனது கணக்கு மாறிப்போச்சு. இது நெட்டைக்கு. இவனுக்கு ஒண்ணுமில்லையாம். இவன் நல்லா இருக்கணும்.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. குடித்தார்கள். அன்று வீட்டுக்குப் போய் ஃபோதினியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

திங்கள்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கடல் தெரிகிற வளைவில் அவன் என் பக்கம் திரும்பினான்.

“நெட்டை.”

“சொல்லு.”

“ரெண்டு நாளு இதை எப்படிடா தாங்குன?”

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. “உன்னைத் திட்டிக்கிட்டேதான். இவனுக்கு வந்திருக்கக் கூடாதான்னுகூட நினைச்சேன்டா.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, ஊசி குத்தப்போகிற கையின் சட்டையை இப்போதே முழங்கைவரை சுருட்டிக்கொண்டான்.

“சரி. இனிமே இது என்னோடது. நான் உன்னைத் திட்டுறேன். நீ பக்கத்துலயே உக்காந்திரு.”

கலமாத்தா வரும்வரை திட்டிக்கொண்டே வந்தான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.