சாம்பிராணி போட்ட கார்

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மரியசெல்வம் வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே ஹாரன் அடித்தான்.

"மச்சான், கெளம்புங்க. பென்ஸு பாக்கப் போறோம்."

ஜெரோம் டீ டம்ளரைக் கீழே வைத்தான். மரியசெல்வம் அவன் மனைவி வியாகுலமேரியின் தம்பி. பதினோரு வருடம் குவைத்தில் பிறத்தியார் கார்களைக் கழுவிவிட்டு வந்தவன். வந்த அன்றைக்கே சொல்லிவிட்டான், இனிமேல் கழுவினால் சொந்தக் காரைத்தான் கழுவுவேன் என்று. பழசானாலும் அது பெரிய வண்டியாக இருக்க வேண்டும். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டால் பிழைப்பும் ஆயிற்று. கொண்டு வந்ததை முழுக்க அதில்தான் போடப்போகிறான்.

ஆவூரைச் சுற்றிப் பழைய கார் வாங்குகிற யாரும் ஜெரோமைக் கேட்காமல் வாங்குவதில்லை. அவன் மெக்கானிக் அல்ல. ஏழு வருடம் ஒரு பென்ஸை ஓட்டியவன், ஒரு கீறல் விழாமல். அந்தப் பேர்தான் அவனுக்குப் படிப்பு, சர்டிபிகேட் எல்லாம். அதை ஊர் ஊராகச் சொன்னவர் வண்டிக்குச் சொந்தக்காரரான பெரியகருப்பன்.

"எந்த ஊரு வண்டி மாப்ள?"

"திருமயத்துக்கு அங்கிட்டு. ஒங்க பழைய மொதலாளி வண்டிதான். அதான் கண்ண மூடிக்கிட்டு அட்வான்ஸ் குடுத்துருவோம்னு இருந்தேன். அக்காதான் ஒங்களக் கூட்டிட்டுப் போவச் சொல்லுச்சு."

ஜெரோம் மனைவியைப் பார்த்தான். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"போயிப் பாத்துட்டு வாங்க," என்றாள். "நான் மகாராணி கணக்கா காலத் தூக்கி சீட்டுல வச்சுக்கிட்டு வந்த வண்டி."

"சும்மா இரு."

"என்னக்கா?" என்றான் மரியசெல்வம்.

"ஒண்ணுமில்லடா. பாத்துப் போங்க."

பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது மரியசெல்வம் ஓயாமல் பேசினான். காற்றில் பாதி காதில் விழவில்லை. ஜெரோமும் கேட்கவில்லை. கீரனூரைத் தாண்டும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பத்து வருடத்துக்கு முந்தி ஓர் ஐப்பசி மாதம். பெரியகருப்பனையும் அவர் மனைவி முத்தாள் ஆச்சியையும் சென்னைக்குப் போக திருச்சி ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டிருந்தான். நாலு நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். வண்டியை நேரே கொண்டுபோய் ஷெட்டில் விட வேண்டும். அவன் ஆவூருக்குத் திருப்பினான்.

வியாகுலமேரி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். மகள் ஃபெமினாவுக்கு அப்போது ஒன்பது வயது. கீரனூரில் புரோட்டா சாப்பிட்டார்கள். கடைக்காரர் வெளியே வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, "என்ன சார் சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். ஜெரோமை ஒருவர் சார் என்று அழைத்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் மறுகால் பாய்ந்து தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போனது. முழங்காலளவுதான் இருக்கும் என்று இறக்கினான். நடுவில் போனபோது கதவுக்கடியால் செந்தண்ணீர் உள்ளே வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. வியாகுலமேரி கால்களைச் சீட்டின் மேல் மடக்கிக்கொண்டு செபமாலையைத் தேடினாள். ஃபெமினா ஜன்னலில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, "அப்பா, படகு! அப்பா, படகு!" என்று கத்திச் சிரித்தாள். அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவனும் சிரித்தான். அதன் பிறகு மூன்று பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

சீட்டுகளைக் கழற்றினான். கார்ப்பெட்டைக் கோயில் மைதானத்துச் சுவரில் இரண்டு நாள் காயப்போட்டான். வாடை மட்டும் போகவில்லை. வியாகுலமேரி மண்சட்டியில் கங்கு எடுத்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, நாலு கதவையும் மூடி வைத்தாள்.

சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் அதையும் சொன்னான். மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். அப்புறம், "மொதலாளிகிட்டயும் சொல்லிருப்பா," என்றார். மந்திரத்தை மட்டும் சொல்லி முடித்தான்.

சென்னையிலிருந்து வந்ததும் ஆச்சி வண்டியில் ஏறி மூக்கை உறிஞ்சினாள். பெரியகருப்பன் முகம் மலர்ந்து, "கோயில் கணக்கா மணக்குது ஜெரோம்," என்றார். மூன்றாம் நாள் ஆச்சி அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தாள். உள்ளே சிவப்பு ஹேர் கிளிப், வண்ணத்துப்பூச்சி வைத்தது.

"பின்சீட்டு இடுக்குல கெடந்துச்சு. ஒம் மக தேடுவா," என்றாள். அவன் வாயைத் திறப்பதற்குள், "அடியில ஈரம் இன்னும் போகல. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சாம்பிராணி போடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் செத்துப்போனாள்.

"மச்சான், தூங்கிட்டீங்களா?" என்றான் மரியசெல்வம். "ஊரு வந்துருச்சு."

வேறு ஏதாவது ஒரு குறை இருக்க வேண்டும் என்று ஜெரோம் வேண்டிக்கொண்டான். ஒரே ஒரு குறை போதும். வேண்டாம் மாப்ள என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

ஷெட் திறந்திருந்தது. வெள்ளை பென்ஸ் அப்படியே நின்றது. பெரியகருப்பன் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பத்து நாலு வயது. சட்டைக் கழுத்து பெரிதாகிவிட்டது.

"ஜெரோமா? வாப்பா. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்கய்யா. ஃபெமினா திருச்சியில நர்சிங் படிக்குது."

"எம் மவன் விஸ்வநாதன் பெங்களூர்லேர்ந்து போன் மேல போன். வித்துருங்க அப்பச்சி, வித்துருங்க அப்பச்சின்னு. யாருக்கோ குடுக்குறதுக்கு ஒன் ஆளுக்குக் குடுத்தா நல்லது." அவர் மரியசெல்வத்தின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ தாராளமா பாத்துக்க. ஆனா இது ஜெரோம் வச்சிருந்த வண்டி. பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல."

மரியசெல்வம் சட்டைப்பையிலிருந்து மடித்த நோட்டுத்தாளை எடுத்தான். பழைய கார் வாங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஜெரோம் போன மாதம் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

"ஒண்ணு. நாம போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருக்காங்களான்னு பானட்டத் தொட்டுப் பாக்கணும்."

ஜெரோம் தொட்டான். குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் ஜெரோமின் உள்ளங்கால் வரைக்கும் போனது.

"ரெண்டு. பானட்டுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவுல இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும்."

இருந்தது. டயரின் பக்கவாட்டில், அது தயாரான வாரமும் வருடமும் நாலு இலக்கத்தில் இருந்தது. டயர் போன வருடத்தது. ஆயில் மூடியைக் கழற்றினான், பால் மாதிரி நுரை இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் ஒரு தேதி விடவில்லை, பாதிக்கு மேல் ஜெரோமின் கையெழுத்து. ஏசி முகத்தில் அடித்தது. ஒவ்வொரு சுவிட்சாக அமுக்கினான், எல்லாம் வேலை செய்தது. டேஷ்போர்டில் பிள்ளையார் பக்கத்தில் அவன் ஒட்டிவைத்த மாதா மெடல் கூட அப்படியே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

குறை தேடி வந்த இடத்தில் அவன் தன் கையையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வாசன வருது மச்சான்," என்றான் மரியசெல்வம். "சர்ச்சுல வர்ற மாதிரி."

"அது இவன் ஆரம்பிச்சு வச்சது," என்றார் பெரியகருப்பன். "வெள்ளிக்கெழம ஆனா சாம்பிராணி. ஒங்க ஆச்சி போனப்புறமும் நான் விடலப்பா. நானே போட்டுருவேன்."

ஜெரோம் வண்டியிலிருந்து இறங்கினான். "அவ்வளவுதான் மாப்ள."

"எங்க அவ்வளவுதான்? ஏழு இருக்கே." மரியசெல்வம் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். "'முன்சீட்டு பெல்ட்டக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாக்கணும். வண்டிய யாரு எப்படிக் கழுவுனாலும் அத மட்டும் தொடைக்க மாட்டாங்க.' நீங்க சொன்னதுதான மச்சான்?"

"அது வெள்ளத்துல முங்குன வண்டிக்குடா."

"இருக்கட்டுமே. எழுதியாச்சுல்ல."

பத்து வருடத்துக்கு முந்தி அவனுக்கு அந்த விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் கழுவியிருப்பான்.

மரியசெல்வம் டிரைவர் பக்க பெல்ட்டை இழுத்தான். வியர்வை படிந்து மொத்தமும் கறுத்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. சுற்றி இந்தப் பக்கம் வந்தான். முன்னால் இடது சீட்டில் இந்த வீட்டில் யாரும் உட்கார்ந்தது கிடையாது. பெல்ட் புதுசு மாதிரி கறுப்பாக, வழவழப்பாக வந்தது. இன்னும் இழுத்தான். கடைசி ஒரு சாண் செம்மண் நிறத்தில் இருந்தது. அதற்கும் கறுப்புக்கும் நடுவில், ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஒரு கோடு.

"மச்சான், இது என்ன?"

பெரியகருப்பன் கம்பை ஊன்றி எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"தண்ணியா? இந்த வண்டியிலயா?" அவர் முகம் சிவந்தது. "அந்த ராக்கன் பய. அன்னிக்கே நெனச்சேன்."

"யாருங்கய்யா அது?" என்றான் மரியசெல்வம்.

"இவன் நின்னப்புறம் ஓட்டுனவன். வந்த ரெண்டாவது வருஷம் கண்ணாடி ஏறல, டேஷ்போர்டுல ஒரு லைட்டு அணையல. கம்பெனியில பாத்துட்டு, அடியில வயரெல்லாம் பச்சை பூத்துப்போச்சு, ஈரம் எறங்கியிருக்குன்னான். நீ என்னடா பண்ணுனன்னு கேட்டேன். ஒண்ணும் பண்ணலைங்கய்யான்னு அழுதான். அன்னிக்கே கணக்குத் தீத்து அனுப்பிட்டேன். ஜெரோம் கையில ஒரு கீறல் விழாத வண்டிடா இதுன்னு சொல்லித்தான் அனுப்புனேன்."

ஷெட்டின் தகரக் கூரையில் ஒரு காக்கை நடந்தது.

ராக்கனை ஜெரோமுக்குத் தெரியும். பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ வைத்திருக்கிறான். எப்போது பார்த்தாலும் கும்பிடுவான், ஒங்க பேரக் காப்பாத்த முடியலண்ணே என்பான். அடக்கத்துக்குச் சொல்கிறான் என்று ஜெரோம் நினைத்திருந்தான்.

"ராக்கன் இல்லைங்கய்யா," என்றான். "நான்."

பெரியகருப்பனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போல. "என்னப்பா?"

"நான்தான்யா தண்ணியில எறக்குனேன். ஒங்கள ஏர்போர்ட்டுல விட்டுட்டு வரையில. ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். பொண்டாட்டி பிள்ளைய ஏத்திக்கிட்டு கீரனூருக்குப் போனேன். வர்ற வழியில தரைப்பாலத்துல வெள்ளம். சீட்டக் கழட்டி நானே காய வச்சேன். வாடை போறதுக்குத்தான்யா சாம்பிராணி."

மரியசெல்வம் பெல்ட்டை விட்டான். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போய்விட்டது. அவன் தாளை நாலாக மடித்தான்.

"அக்கா காலத் தூக்கி வச்சது தண்ணிக்குத்தானா?"

"ஆமா. வேணாம் மாப்ள இந்த வண்டி. இப்ப ஓடும். அந்த வயரு மறுபடியும் பூக்கும்."

மரியசெல்வம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பானட்டின் மேல் கிடந்த ஒரு வேப்பஞ்சருகை விரலால் தட்டிவிட்டான். குவைத்தில் பழகின கை. அப்புறம் பைக்கை நோக்கி நடந்தான்.

பெரியகருப்பன் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் ஆச்சி உட்காருமிடம், தோல் கொஞ்சம் அமுங்கியிருந்தது. எத்தனை பயணத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே ஜெரோம் காதுபடச் சொல்லியிருக்கிறார்: 'அம்பது வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு ஒளிவுமறைவு கெடையாதுப்பா.' ஆச்சி அப்போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ராக்கன் எங்க இருக்கான்?"

"பொன்னமராவதியிலய்யா. நாளைக்குப் போயி நானே சொல்றேன்."

அவர் தலையசைத்தார். திட்டுவார் என்று ஜெரோம் காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் உள்ளே குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். நேற்று வெள்ளிக்கிழமை.

நிமிர்ந்தபோது மனைவியின் பேரைச் சொன்னார். ஒங்க ஆச்சி என்பதைத் தவிர வேறு வார்த்தையில் அவளைக் குறிப்பிட்டு ஜெரோம் கேட்டதில்லை.

"முத்தாளுக்கு இது தெரியுமாப்பா?"