ஆறு புள்ளி வைத்த கடிதம்

மோர்ஸ் தீவிலும் எதிர்க்கரையிலும் வியாழக்கிழமைதோறும் வீட்டு வாசலில் வந்து விழும் இலவசப் பத்திரிகையில் டோர்தெ லுன் பதினோரு வருடமாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தின் பெயர் "வீட்டிலேயே செய்யலாம்". ஒரு வாரம் கைவேலை, மறுவாரம் சமையல். உப்பு மாவில் பொம்மை, பழைய ஸ்வெட்டரில் தேநீர்க் கெண்டிக்குக் குல்லாய், அடுப்பே இல்லாமல் ஓட்ஸ் உருண்டை. மற்ற நாட்களில் தொலைபேசியில் விளம்பரம் வாங்குவது அவள் வேலை. வயது நாற்பத்தொன்பது. விவாகரத்தாகிப் பன்னிரண்டு வருடம். அந்தப் பக்கத்தை யாராவது படிக்கிறார்களா என்பதே அவளுக்குத் தெரியாது.

தொண்ணூறாம் வருடம் செப்டம்பரில் முதல் கடிதம் வந்தது. தீவையும் எதிர்க்கரையையும் பிரிக்கும் நீரிணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எஸ்பென் என்று ஒருவர். பெரிய பெரிய எழுத்து.

"அம்மணி, உங்கள் உப்பு மாவு முள்ளம்பன்றி அடுப்புக்குள் போகும்போது முள்ளம்பன்றியாகத்தான் இருந்தது. வெளியே வந்தது இந்த ஊர்ப் பாதிரியார். அதே தொப்பை, அதே கண். ஜன்னலில் வைத்திருக்கிறேன். அவர் இந்தத் தெருவில் வரும்போது மட்டும் துணி போட்டு மூடிவிடுகிறேன். ஒரு பங்கு உப்பு, இரண்டு பங்கு மாவு என்றீர்கள். பாதிரியாருக்கு எத்தனை பங்கு என்று எழுதவில்லையே?"

டோர்தெ அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். பத்திரிகை ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஃபர்னிச்சர் கடை முழுப்பக்க விளம்பரம் குடுத்துட்டானா?"

"இல்ல. ஒருத்தர் அடுப்புல பாதிரியாரைச் சுட்டுட்டாராம்."

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் கடிதம் வந்தது. அவள் ஓட்ஸ் உருண்டை பற்றி எழுதியபோது, "வெண்ணெய், சர்க்கரை, கோகோ, ஓட்ஸ், பிசைந்து உருட்டினால் போதும், யாராலும் கெடுக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். அந்த 'யாராலும்' என்னைச் சீண்டிவிட்டது. சர்க்கரை டப்பாவும் உப்பு டப்பாவும் என் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். பக்கத்து வீட்டு நாய் முகர்ந்து பார்த்துவிட்டு எனக்காக வருத்தப்பட்டது" என்று வந்தது. ஆப்பிள் கேக் சரிந்த கதை, மெழுகுவர்த்தி வார்க்கப்போய் பூனையின் வால் நுனி விறைத்துப்போன கதை என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம்.

மூன்றாவது மாதத்திலேயே டோர்தெ அந்த ஒருவருக்காகத்தான் எழுத ஆரம்பித்திருந்தாள். "மாவு கையில் ஒட்டினால் பயப்பட வேண்டாம்" என்று எழுதும்போது அவள் கண்முன் ஒரு பெரிய, தடுமாறும் கை தெரிந்தது. தனியாக இருக்கிற மனிதர் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கடிதங்களில் எங்கும் "நாங்கள்" என்ற சொல்லே இல்லை. அவளும் பதில் எழுதினாள். முதலில் இரண்டு வரி, பிறகு இரண்டு பக்கம். தன் கல்யாணம் முறிந்த கதையைக்கூட எழுதினாள். அதற்கு வந்த பதிலில் கேலி இல்லை. "அந்த ஆளுக்கு உங்கள் சிரிப்பு காதில் விழவே இல்லை போலிருக்கிறது. எனக்கு இங்கே, தண்ணீரைத் தாண்டிக் கேட்கிறது" என்று மட்டும் இருந்தது. அந்தக் காகிதத்தை அவள் பல நாள் கைப்பையிலேயே வைத்திருந்தாள்.

பிப்ரவரி கடைசியில் ஈஸ்டர் கடிதம் செய்வது எப்படி என்று எழுதினாள். வெள்ளைத் தாளை மடித்து மடித்து ஓரங்களைக் கத்தரித்தால் பிரிக்கும்போது சரிகை மாதிரி விரியும். நடுவில் நாலு வரிப் பாட்டு. பெயருக்குப் பதில் எத்தனை எழுத்தோ அத்தனை புள்ளி. உள்ளே ஒரு பனிப்பூ, குளிர் முடியும்போது முதலில் பூக்கும் சின்ன வெள்ளைப் பூ. அனுப்பியவர் யாரென்று கடிதம் பெற்றவர் கண்டுபிடிக்காவிட்டால் ஈஸ்டருக்கு அவருக்கு முட்டை கொடுக்க வேண்டும். ஊர்க்குழந்தைகள் எல்லாரும் செய்வதுதான்.

அடுத்த வாரமே ஒன்று வந்தது. கோணல்மாணலாகக் கத்தரித்திருந்தது, ஒரு மூலை கிழிந்து பசை போட்டு ஒட்டியிருந்தது. உள்ளே வாடிய பனிப்பூ.

"உன்னைப் பார்த்ததில்லை நான்,
உன் வியாழக்கிழமையில்தான் வாழ்கிறேன்.
யாரென்று சொல், சொல்லாவிட்டால்
முட்டையோடு வந்து தோற்றுப்போ."

கீழே ஆறு புள்ளிகள். எஸ்பென் என்று எழுத அவர்கள் மொழியில் ஐந்தெழுத்துதான். டோர்தெ எண்ணிப் பார்த்துச் சிரித்தாள். 'தன் பெயரைக்கூட எண்ணத் தெரியாத மனுஷன்' என்று நினைத்துக்கொண்டாள்.

தோற்றுப்போவதென்று அவள் தீர்மானித்தாள். குருத்தோலை ஞாயிறன்று பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். வருடக்கணக்காகப் பூசாத உதட்டுச்சாயம் பூசினாள். பாதாம் விழுதில் செய்த மர்சிபான் முட்டை ஒன்றை நீல நாடாவால் கட்டிப் படகேறினாள்.

கதவைத் திறந்தவர் அவள் நினைத்தது போலவே பெரிய ஆள். சட்டை முழுக்க மாவு. அவளைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நான் டோர்தெ. பத்திரிகையில இருந்து."

"ஓ," என்றார். காது வரை சிவந்தது. "உள்ள வாங்க. அவ... அவ ரொம்ப சந்தோஷப்படுவா."

'அவ' என்ற அந்தச் சொல் டோர்தெயின் காலைக் கட்டிவிட்டது. ஆனாலும் உள்ளே போனாள்.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ஒரு பெண். நாற்பத்தைந்து இருக்கும். கைகள் இரண்டும் மடியில் உயிரில்லாமல் கிடந்தன. தலையைத் தாங்க ஒரு பட்டை. கண் மட்டும் பளபளத்தது.

"முட்டையா? அப்போ தோத்துட்டீங்க!" என்றாள் அவள். நாக்கு லேசாகக் குழறியது. "ஆறு புள்ளி வெச்சேனே! அக்னெதெ. ஆறெழுத்து. ஏய் கரடி, பாத்தியா, நான் சொன்னேன்ல, இவங்க எண்ணவே மாட்டாங்கன்னு."

எஸ்பெனின் மனைவி. தசைகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும் வியாதி. இரண்டு வருடமாக. முதலில் கை, பிறகு கால். வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் எஸ்பென் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுவார், அவள் சொல்லச் சொல்லச் செய்வார், கெடுப்பார், அவள் சிரிப்பாள். பிறகு அவள் சொல்ல அவர் எழுதுவார்.

"ஏன் அவர் பேர்ல எழுதினீங்க?" டோர்தெ கேட்டாள்.

"சீக்காளிப் பொம்பளைன்னா நீங்க பாவம் பாத்திருப்பீங்க. தட்டுத்தடுமாறுற ஆம்பளைன்னா சிரிப்பீங்க. எனக்கு நீங்க சிரிக்கணும்." அக்னெதெ அவளையே பார்த்தாள். பச்சைக் கோட்டை, நீல நாடாவை, உதட்டுச்சாயத்தை. அவள் முகம் மெல்ல மாறியது. "கரடி, போய்க் காப்பி போடு. நல்ல கோப்பையில."

அவர் போனார்.

"டோர்தெ. நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?"

"முட்டை குடுக்கத்தான்..."

"பொய் சொல்லாதீங்க. நான் ஒரு கழுதை. உங்க கல்யாணத்தைப் பத்தி எழுதினப்பவே நிறுத்தியிருக்கணும். நிறுத்த முடியல. வாரம் பூரா உங்க கடிதத்துக்குத்தான் உக்காந்திருந்தேன். மன்னிச்சிருங்க."

டோர்தெ கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தாள். அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது, எழுந்து ஓடலாம் போலிருந்தது. ஆனால் எதிரே இருந்தவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை எழாது. டோர்தெ எழுந்து போய் அதே கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். கன்னத்தில் சாயம் ஒட்டிக்கொண்டது.

"இப்ப நீ கோமாளி மாதிரி இருக்கே," என்றாள்.

அக்னெதெ விக்கலோடு சிரித்தாள்.

அன்றுமுதல் ஞாயிறுதோறும் போனாள். ஊர் திரும்பும்போதெல்லாம் இனி போகக் கூடாது என்று நினைப்பாள். ஆனால் சனிக்கிழமை பை தயாராகிவிடும். எல்டர் மரத்தின் பூவில் சர்பத், கூழாங்கல்லில் வர்ணம், சரியாகச் சுடாத பன்கள். எஸ்பென் செய்வார், இருவரும் கேலி செய்வார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். தச்சு வேலை செய்தவர். மரத்தில் ஒரு மயிரிழை தவறாதவர். மாவில் மட்டும் அப்படித் தடுமாறுகிறாரே என்று டோர்தெ ஒருநாள் கேட்டாள்.

"கெடுத்தா அவ சிரிக்கிறா," என்றார் அவர், அடுப்படியில், குரலைத் தாழ்த்தி. "அவகிட்ட சொல்லிடாதீங்க."

ஆகஸ்டில் அக்னெதெயின் பேச்சு நாளுக்கு நாள் குழறிப் போனது. அவள் சொல்வது எஸ்பெனுக்கு மட்டுமே புரிந்தது. வெள்ளிக்கிழமைக் கடிதங்கள் பாதிப் பக்கமாயின, பிறகு நாலு வரி. அக்டோபரில் வந்தது ஒரே வரி: "பிளம் ஜாம் பொங்கி அடுப்பு அணைந்தது, அடுப்பு வாழ்க." அதைச் சொல்லி முடிக்க ஒரு மாலை முழுக்க ஆயிற்று என்று எஸ்பென் பின்னால் சொன்னார்.

நவம்பர் முதல் வாரத்தில் அவள் போய்விட்டாள்.

தேவாலயத்தில் டோர்தெ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காப்பி கொடுக்கும்போது எஸ்பெனின் அக்கா அருகில் வந்தாள்.

"நீங்க அக்னெதெக்கு எப்படிப் பழக்கம்? கூடப் படிச்சவங்களா?"

"இல்ல. பத்திரிகையில... சமையல் குறிப்பு எழுதுறேன்."

"ஓ, அப்படியா," என்றாள் அக்கா அன்பாக. கேக் தட்டை நீட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள்.

டிசம்பரில் காகித இதயம் பின்னுவது பற்றி எழுதினாள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு தாள், ஒன்றுக்குள் ஒன்று புகுத்திப் பின்ன வேண்டும். வெள்ளிக்கிழமை, அதே பெரிய எழுத்தில், உறை வந்தது. நின்றபடியே பிரித்தாள்.

"செய்தேன். சரியாக வந்தது. எஸ்பென்."

உள்ளே ஒரு காகித இதயம். ஓரம் ஒரு மயிரிழை பிசகவில்லை. டோர்தெ அதை மேசைமேல் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆசிரியர் கதவுக்கு வெளியே நின்று, "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டபடியே இருந்தார்.

ஜனவரியில் எஸ்பென் தொலைபேசியில் கூப்பிட்டார். டோர்தெ போனாள். வீடு சுத்தமாக இருந்தது. மாவு வாசனை இல்லை.

"அவ ஒண்ணு சொல்லிட்டுப் போனா," என்றார். "ஞாயித்துக்கிழமை உங்களை விடாம வரச் சொல்லிக் கேக்கணும்னு. கேட்டுட்டேன்." மேசையைத் தடவினார். "ஆனா அந்தக் கடிதத்துல இருந்தது நான் இல்ல. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும், எஸ்பென்."

"நான் பேசி உங்களைச் சிரிக்க வைக்க முடியாது."

"வேண்டாம். நானும் அதுக்கு வரல."

அவர் தலையசைத்தார். "அவ கையெழுத்துல எங்கிட்ட ரெண்டு வருஷமா ஒண்ணும் இல்ல. பேச்சும் பதிவு பண்ணி வெக்கல. தோணவே இல்ல. அவ சொன்னதெல்லாம் உங்ககிட்டதான் இருக்கு."

டோர்தெ ஒரு வாரம் யோசித்தாள். கொடுக்க மனமில்லை. ஐம்பத்தாறு கடிதங்கள். தண்ணீரைத் தாண்டிச் சிரிப்பு கேட்கிறது என்ற அந்தக் கடிதமும் அதில் இருந்தது. நகலெடுத்துக்கொண்டு கொடுக்கலாம் என்று அலுவலக இயந்திரம் வரை போனாள். முதல் தாளை வைத்தவள் எடுத்துவிட்டாள். இயந்திரத்திலிருந்து வரும் எதுவும் அக்னெதெயாக இருக்கப்போவதில்லை என்று பட்டது. எல்லாவற்றையும் ஒரு காலணிப் பெட்டியில் போட்டுக்கொண்டு படகேறினாள்.

"ஒண்ணு படிங்களேன்," என்றார் அவர். "நான் எழுதினதுதான். ஆனா எழுதும்போது எழுத்துக்கூட்டுறதுலயே கவனம் போயிடும். முழுசாக் கேட்டதே இல்ல."

பாதிரியார் முள்ளம்பன்றியிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் அவர் சிரித்தார். பெரிய உடம்பு குலுங்கச் சிரித்தார். மூன்றாவது கடிதத்தில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். டோர்தெ நிறுத்தவில்லை. இருட்டும் முன் கடைசிப் படகைப் பிடிக்கும் நேரம் வரை படித்தாள். பெட்டியை மேசையில் விட்டுவிட்டு எழுந்தாள். வாசலில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

படகில் டிக்கெட் கிழிப்பவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"யாராச்சும் தவறிட்டாங்களாம்மா?"

"ஆமா."

"சொந்தமா?"

"எனக்குக் கடிதம் எழுதினவ," என்றாள். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பயணியிடம் நகர்ந்தார்.

வசந்தத்தில் எஸ்பென் வீட்டை விற்றுவிட்டு ஓல்போர் நகரத்தில் அக்கா வீட்டோடு போய்விட்டார். டோர்தெ அந்தப் பக்கத்தை இன்னும் மூன்று வருடம் எழுதினாள். குறிப்புகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அளவு தவறவில்லை, யாருக்கும் எதுவும் கெட்டுப்போகவில்லை. வெள்ளிக்கிழமைத் தபாலை மட்டும் அவளுக்கு முன்பே ஆசிரியர் பிரித்து வைத்துவிடுவார். அப்படிச் செய்யச் சொல்லி அவள் கேட்டதில்லை, அவராகத்தான் செய்தார்.