ஹெட்டி இல்லாத கிட்டார்

ஹெட்டிக்கும் ரோரிக்கும் ஏழாம் பொருத்தம். ஷெஃபீல்ட் அரங்கில் அன்று மாலை மேடை ஏறும்போதே முட்டிக்கொண்டார்கள்.

"இன்னைக்காவது தாளத்துல நில்லுடி. மாடு மேய்க்கற மாதிரி ஓட்டாத" என்றான் ரோரி.

"தாளம் போடறது உன் பொட்டி. நீ பட்டன் அமுக்கறவன். மூடிக்கிட்டுப் போ."

அந்த இசைக்குழுவைத் தொடங்கியவள் ஹெட்டி. வெறும் கிட்டாராக இருந்ததில், பிறகு வந்த ரோரி தன் மடிக்கணினியிலிருந்து நடன விடுதித் தாளத்தைக் கொண்டுவந்து சேர்த்தான். கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். பாட்டு அவன், பேட்டி அவன், சுவரொட்டியில் பெரிய முகமும் அவன். கிட்டார் மட்டும் இன்னும் என்னுடையது என்று அவள் இறுமாந்திருந்தாள்.

மூன்றாவது பாட்டில் அவள் காதுக்கருவி செத்துப்போனது. மேடையில் நிற்பவர்கள் தங்கள் வாசிப்பை அந்தக் கருவி வழியாகத்தான் கேட்பார்கள். எரிச்சலோடு அதைப் பிடுங்கி எறிந்தாள். வெறுங்காதில் அரங்கத்தின் ஓசை வந்து மோதியது. அந்தத் தடுமாற்றத்தில் அவள் விரல் தவறான கம்பியில் விழுந்தது.

ஒலிபெருக்கியில் தப்பில்லாத சுரம் வந்தது.

வேண்டுமென்றே இன்னொரு முறை தப்பாக வாசித்தாள். அங்கே மறுபடியும் சரியாகவே கேட்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளே வாசித்துக் கொடுத்ததுதான், ரோரியின் பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அரங்கின் கடைசியில் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் இருந்த டெஸ்மண்டைப் பார்த்தாள். அந்தக் கோழை குனிந்துகொண்டான்.

பாட்டு நின்று வெறும் இசை ஓடும் இடத்தில் ரோரியிடம் பாய்ந்தாள். "எவ்வளவு நாளாடா?"

"போன வருஷத்துலேருந்து." அவன் விசைகளிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "யாருக்குத் தெரிஞ்சுது? உனக்கே தெரியலயே."

இவன் மானத்தை இங்கேயே வாங்குகிறேன் என்று ஹெட்டி கறுவிக்கொண்டாள். கிட்டாரிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பிவடத்தைப் பிடுங்கி எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள். கிட்டாரைக் கழற்றித் தரையில் ஓங்கி அடித்தாள். கழுத்து முறிந்தது. ரோரியின் ஒலிவாங்கியைப் பறித்துக் கத்தினாள்.

"நான் வாசிக்கல! நல்லாக் கேளுங்க! எல்லாம் பொட்டிலேருந்து வருது! உங்கள ஏமாத்தறாங்க!"

ஒரு கணம் கூட்டம் விழித்தது. பிறகு கூரை பிளக்கக் கத்தியது. பியர்க் கோப்பைகள் பறந்தன. முன்வரிசையில் தலைமுடிக்குப் பச்சைச் சாயம் பூசிய ஒருத்தி அழுதுகொண்டே குதித்தாள். "ஹெட்டி! ஹெட்டி!" என்று அரங்கமே தாளத்துக்கு ஆடியது.

"நிஜமாத்தான் சொல்றேன், மடையன்களா!"

அதற்கும் கைதட்டினார்கள்.

ரோரி அவள் கையிலிருந்து ஒலிவாங்கியை மெதுவாக வாங்கிக்கொண்டான். அவள் காதோரம் குனிந்து சொன்னான்: "பிரமாதம்டி. நாளைக்கு நாட்டிங்ஹாம்லயும் இதே பாட்டுல இதே மாதிரி பண்ணு. உடைக்கறதுக்கு மட்டமா ஒரு கிட்டார் வாங்கித் தர்றேன்."

முறிந்த கிட்டார் அவள் காலடியில் கிடந்தது. அவளுடைய வாசிப்பு ஒரு பிசிறும் இல்லாமல் அடுத்த பாட்டைத் தொடங்கியது.