பனி பெய்த கலங்கரை விளக்கம்

தம்பிக்குத் தண்ணீர் மோட்டார் வியாபாரம். சொன்ன அளவுக்கு விற்றுக் காட்டினால் கம்பெனிக்காரன் வருஷம் ஒருமுறை டீலர்களை ஜோடியாக டூர் கூட்டிக்கொண்டு போவான். ஜோடி என்றால் புருஷன் பொண்டாட்டி. கல்யாணம் ஆகாமல் தம்பி வீட்டோடு தங்கிவிட்ட அக்காவுக்கு எந்தக் கம்பெனியும் டிக்கெட் போடாது. அவர்கள் திரும்பும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்வதும், வந்ததும் பெட்டியிலிருக்கும் அழுக்குத் துணியை ஊறவைப்பதும்தான் அவள் பங்கு.

போகிற ஊரிலெல்லாம் தம்பி பொண்டாட்டி ஏதாவது ஞாபகத்துக்கு வாங்கி வருவாள். மரத்தில் செய்த மணிக்கூண்டு, சிப்பி ஒட்டிய படகு, காற்றாலை வரைந்த ஓடு, கழுத்தில் மணி தொங்கும் பித்தளைப் பசு, கண்ணாடி உருண்டைக்குள் நிற்கும் ஒரு கலங்கரை விளக்கம். ஹாலில் அதற்கென்றே விளக்கு போட்ட ஷோகேஸ். அக்காவுக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஓட்டல் அறையில் சும்மா வைத்திருக்கும் சோப்பு, ஷாம்பு, ஊசியும் நூலும் செருகிய சின்ன அட்டை, எல்லாம் அவளுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா அத்தனையையும் கீழே இறக்கி ஈரத்துணியால் துடைப்பாள். இடுக்குக்குப் பழைய பல் பிரஷ். துடைத்து முடித்ததும் தம்பி பொண்டாட்டி வந்து, தன் போனில் எடுத்து வைத்திருக்கும் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். பசு ஒரு விரல் அளவு தள்ளி நின்றாலும் கூப்பிட்டுச் சொல்வாள். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டேதான்.

இப்படித் துடைத்துத் துடைத்து அந்த ஊர்களெல்லாம் அக்காவுக்கு விரல் நுனியில் இருந்தன. போதாததற்குத் தம்பி வாய் சும்மா இருக்காது. யார் வீட்டுக்கு வந்தாலும் ஷோகேஸ் முன்னால் நிறுத்தி ஒவ்வொன்றுக்கும் கதை சொல்வான். மணிக்கூண்டு படியில் செருப்பு அறுந்தது, படகுக்காரன் ஏமாற்றப் பார்த்தது, பசு வாங்கும்போது மழையில் நனைந்தது. அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டு அக்காவுக்குத் தம்பியைவிட நன்றாகவே சொல்ல வரும்.

கலங்கரை விளக்கத்துக்கு மட்டும் கதை கிடையாது. அந்த ஊரில் தம்பி வயிறு கெட்டுப்போய் அறையிலேயே சுருண்டு கிடந்தான். திரும்பும் வழியில் விமான நிலையத்துக் கடையில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தது அது. உருண்டையைக் குலுக்கினால் உள்ளே பனி கொட்டும். அங்கே பனி நிறையப் பெய்யுமா என்று அக்கா ஒருநாள் கேட்டாள். "பெய்யுமாவா? கொட்டும்க்கா, கொட்டும்" என்றாள் தம்பி பொண்டாட்டி. அவளும் தம்பியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். புருஷன் பொண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், நமக்கென்ன என்று அக்கா துணியைப் பிழியப் போய்விட்டாள்.

மேல் வீட்டில் ஒரு டாக்டரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவர். மகள் வீட்டுக்குப் போகிற வழியில், தான் வேலை பார்த்த ஊர்களையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ரெண்டு மூணு மாசம் ஆகும், கூடமாட இருக்க ஒரு பெண் வேண்டும், செலவெல்லாம் தன்னுடையது என்று லிஃப்டில் வைத்து அக்காவிடம் சொன்னார். நாலு இடம் போய்ப் பழகினவளாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

"நான் போயிருக்கேன் டாக்டர். தம்பியோட எல்லா ஊருக்கும்" என்று அக்கா வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தபிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் டாக்டரம்மா நம்பிவிட்டார். அதன்பிறகு மத்தியானங்களில் மேலே போய் அவர் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி செருப்பு அறுந்த கதையையும் படகுக்காரன் கதையையும் தன் கதையாகச் சொன்னாள். பிசிறு இல்லாமல் வந்தது. தம்பியை விட்டுவிட்டு அந்த இடத்தில் தன்னை வைத்துக்கொண்டால் போதும். வயசான காலத்தில் இந்த வீட்டு வாசலைத் தாண்ட இதைவிட்டால் இன்னொரு வாய்ப்பு வராது என்று அவளுக்குத் தெரியும். பழைய புடவைகளில் நல்லதாக நாலை எடுத்து, யாருக்கும் தெரியாமல் இஸ்திரி போட்டு வைத்தாள்.

ஒரு சாயங்காலம் முறைப்படி தம்பியைக் கேட்டுவிடலாம் என்று டாக்டரம்மா தடியை ஊன்றிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். ஹாலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அக்காவுக்கு நல்ல அனுபவம் இருக்கிறது, உங்களோடு அத்தனை ஊர் பார்த்திருக்கிறார், அதுதான் கேட்கிறேன் என்றார்.

அக்கா கையில் தம்ளர் தட்டோடு அப்படியே நின்றாள். தம்பி வாயைத் திறக்கப் போனான். தம்பி பொண்டாட்டி அவன் தொடையில் கை வைத்தாள்.

"ஆமா டாக்டர், அக்கா இல்லாம நாங்க எங்க போனோம்" என்றாள்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் இவளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

தம்பி பொண்டாட்டி எழுந்துபோய் ஷோகேஸிலிருந்து கண்ணாடி உருண்டையை எடுத்து வந்து டாக்டரம்மா கையில் கொடுத்தாள். "அக்கா, இந்த ஊர்ல பனி பெஞ்சப்போ என்ன பண்ணீங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா? சொல்லுங்க, சும்மா சொல்லுங்க."

இதற்கு மட்டும் கதை இல்லை. ஆனால் உருண்டை இருந்தது. அதைத்தான் எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்குள் இருப்பதைச் சொன்னால் போதாதா? அக்கா தட்டைக் கீழே வைத்தாள். காலையில் கதவைத் திறந்தால் வெள்ளை வெளேர் என்று கிடந்தது என்றாள். கலங்கரை விளக்கத்தின் தலையில் தொப்பி மாதிரி பனி. கடற்கரை முழுக்கப் பனி. கையை நீட்டிப் பிடித்தேன், பஞ்சு மாதிரி இருந்தது, குளிர் தாங்காமல் தம்பிதான் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தான் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. இந்த ஒரு கதைதான் யாரிடமும் வாங்காமல் அவளே சொன்னது.

தம்பி முதலில் இருமினான். அப்புறம் அடக்க முடியாமல் சோபாவில் சரிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

டாக்டரம்மா உருண்டையைத் திருப்பி அடியில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் படித்தார். "இந்த ஊர் ஆஸ்பத்திரியிலதாம்மா நான் ரொம்ப வருஷம் இருந்தேன்" என்றார். "அங்க வருஷம் பூரா வேர்த்துக் கொட்டும். ஸ்வெட்டர் விக்கற கடையே கிடையாது."

"அய்யோ, நீங்க அங்கதான் இருந்தீங்கன்னு அன்னிக்கே எங்கிட்ட சொன்னீங்கல்ல, மறந்தே போச்சு டாக்டர்" என்றாள் தம்பி பொண்டாட்டி.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்கா காலைப் பிடித்துக் கெஞ்சியிருப்பாள். அவர் உருண்டையை டீப்பாய் மேல் வைத்துவிட்டு, மருந்து மாத்திரையெல்லாம் கையில் கொடுத்து நம்பிப் போகிற காரியம் இது, யோசித்துச் சொல்கிறேன் என்று தடியை எடுத்துக்கொண்டார். கதவுவரை கூடப் போன அக்காவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க அக்கா, விளையாட்டுக்குத்தான்" என்றாள் தம்பி பொண்டாட்டி. "நீங்களும் கிளம்பிட்டா இதையெல்லாம் யாரு துடைக்கறது, சொல்லுங்க?" உருண்டையை எடுத்து இருந்த இடத்தில் வைத்தாள். அன்றைக்கு அவள் போட்டோவைப் பார்க்கக்கூட இல்லை.

டாக்டரம்மா ஒருத்தியைக் கூட்டிக்கொண்டுதான் போனார். பக்கத்துத் தெருத் தையல் கடையில் பட்டன் கட்டுகிறவள். விமானத்தில் ஏறியதில்லை, ரயிலில்கூடத் தனியாகப் போனதில்லை. அதை முதல் நாளே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாளே, அது போதும் எனக்கு என்று டாக்டரம்மா மாடிப்படியில் யாரிடமோ சொன்னது அக்கா காதில் விழுந்தது. அவர்கள் கிளம்பிய அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தது அக்காதான். டாக்டரம்மா நன்றி சொன்னார். பட்டன்காரி டாக்ஸி ஜன்னல் வழியாகக் கை ஆட்டினாள்.

அடுத்த வருஷம் தம்பி வீட்டில் டீலர்களுக்கு விருந்து. எல்லாரும் ஷோகேஸ் முன்னால் கூடி நின்றபோது தம்பி அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "அக்கா, அந்தப் பனிக் கதையை வந்து சொல்லு."

அவள் முடியாது என்று தலையாட்டினாள். அவன் உள்ளே வந்து, வந்தவங்க முன்னால் மானத்தை வாங்காதே, ரெண்டு வார்த்தை சொன்னால் குறைஞ்சா போய்விடுவாய் என்று தாழ்ந்த குரலில் கேட்டான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சொன்னாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு டீலர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு, கையுறை போட்டிருந்தீர்களா என்று கேட்டாள்.

"போட்டிருந்தேன்" என்றாள் அக்கா. "நீலக் கலர். இடது கையிது ஒண்ணு தொலஞ்சு போச்சு."

அதற்குத்தான் அன்றைக்கு அதிகச் சிரிப்பு. அடுத்த விருந்திலிருந்து தம்பி அதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னான்.