மூன்றால் வகுக்கும் வீடு

பரமசிவம் எதைச் சொன்னாலும் மூன்றால் வகுத்துக்கொள்ள வேண்டும். லேக் மார்க்கெட்டில் காலையில் இட்லி சாப்பிடுகிற அத்தனை தமிழர்களுக்கும் தெரிந்த கணக்கு இது. ஆறு கிலோவில் இலிஷ் மீன் வாங்கினேன் என்றால் இரண்டு கிலோ. மூன்று மணி நேரம் ஆட்டோவுக்கு நின்றேன் என்றால் ஒரு மணி நேரம். இந்த வகுத்தலைக் கண்டுபிடித்தவள் அவர் மனைவி சுலோசனா, அதுவும் கல்யாணமான மறுவாரமே. அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் இதற்காக ஒரு சண்டைகூட வந்ததில்லை. அவர் சொல்வார், அவள் வகுப்பாள், சோறு வேகும்.

இத்தனைக்கும் மனிதருக்கு வேலையே எண்ணுவதுதான். கிதிர்பூர் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க, உள்ளங்கைக்குள் அடங்குகிற இரும்புக் கவுண்டரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு மூட்டை கூடியதில்லை, ஒரு மூட்டை குறைந்ததில்லை. கட்டைவிரல் அரிச்சந்திரன், வாய்க்கு மட்டும் சிறகு முளைத்திருந்தது.

ஓய்வு பெற்ற அன்று மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டவர் அந்தக் கவுண்டரையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இப்போது அது மகன் வருண் வீசும் பந்துகளை எண்ணுகிறது. வருணுக்கு இருபத்தொரு வயது, ஆறடி இரண்டங்குலம், வலக்கை வேகப்பந்து. அக்கம்பக்கத்து வங்காளிகள் வாயில் அவன் 'போருண்'.

"அந்தக் காலத்துல நம்ம டீம்ல ஃபாஸ்ட் பவுலருக்கு என்ன வேல தெரியுமா ஓய்?" என்று இட்லிக்கடை ஏழுமலையிடம் பரமசிவம் ஆரம்பிப்பார். "ரெண்டு ஓவர் போட்டு, பந்துல இருக்க பளபளப்பத் தேச்சு, ஸ்பின்னர் கையில குடுத்துட்டு நெழலாப் பாத்துப் போய் நிக்கணும். அவ்வளவுதான். இப்பப் பாரும்! தெருவுக்கு நாலு பேரு நூத்தி நாப்பதுல போடுதான். புதுப் பந்த ரெண்டு பக்கமும் ஆட்டுதான், பழம் பந்தக் காலுக்கடியில குத்துதான். வெளிநாட்டுக்காரன் அவன் ஊரு பிட்ச்சுலயே நம்மளுக்குப் பயந்து புல்லச் செரச்சுப் போடுதான். என் பய வேகம் நூத்தி அம்பத்திரெண்டு!"

"வகுத்தா அம்பதுதான வருது அண்ணாச்சி? அது என் ஸ்கூட்டர் வேகம்ல," என்பார் ஏழுமலை. கடையே சிரிக்கும், பரமசிவமும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒரு நாள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஏழுமலை இன்னொன்றும் சொன்னார். "தெருவுக்கு நாலு பேருன்னு சொல்றீங்க. அதுல ஒருத்தன் இடுப்பு ஒடிஞ்சா மிச்சம் மூணு பேரு இருக்கான். ஒடிஞ்சவன யாரு தேடப் போறா?"

பரமசிவம் அன்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். வீட்டில் போய் ஆறு சாப்பிட்டதாகச் சொன்னார்.

வருண் 'பூர்வா' என்கிற வேகப்பந்து முகாமில் இருந்தான். மொத்தம் பதினொரு பேர். ஜனவரியில் ஒரு தேர்வு ஆட்டம். அதிலிருந்து மூன்று பேரை மட்டும் மேலே அனுப்புவார்கள். முகாமில் ஒரு விதி உண்டு. அன்றன்று எத்தனை பந்து வீசினோம் என்பதைப் போனில் வரும் படிவத்தில் நிரப்ப வேண்டும். அளவாக இருந்தால் பச்சை, மிஞ்சினால் சிவப்பு. சிவப்பு வந்தால் இரண்டு வாரம் பந்தைத் தொடக்கூடாது. வளரும் வயதில் வேகப்பந்து போடுகிறவனின் முதுகெலும்பு, முள்கரண்டியை வளைத்து வளைத்து நிமிர்த்துவது போலத்தான். எத்தனையாவது முறையில் விரிசல் விடும் என்று அதற்கே தெரியாது. அதனால்தான் இந்தக் கணக்கு.

வருணுக்குப் படிவம் நிரப்பப் பொறுமை கிடையாது. அதை அப்பா ஏற்றுக்கொண்டார், எண்ணுகிறவர் அவர்தானே. நவம்பரில் ஒரு வாரம் உள்ளதை உள்ளபடி எழுதினார். சிவப்பு வந்தது. வருணை உட்கார வைத்தார்கள். அவன் இடத்தில் ஆடியவன் ஐந்து விக்கெட் எடுத்தான். வருண் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வகுக்கத் தேவையில்லாத இரண்டு நாள்.

இரண்டு வாரம் முடிந்து அவன் மறுபடி பந்தைத் தொட்ட அன்று பரமசிவத்துக்கு ஒரு குறும்பு தோன்றியது. கவுண்டரில் தொண்ணூறு. ஊரெல்லாம் நான் சொன்னதை மூன்றால் வகுக்கிறது, நானே ஒரு தடவை வகுத்தால் என்ன? முப்பது என்று எழுதினார். பச்சை. தனியாக உட்கார்ந்து அரைமணி நேரம் சிரித்தார். அதன்பிறகு தினமும் வகுத்தார்.

தொண்ணூறு பந்து எங்கிருந்து வந்தது என்றால், அதற்கும் அவர் வாய்தான் காரணம். ஒரு பாடா, அதாவது பேட்டை, கிளப் இன்னொரு பாடாவிலிருந்து ஆள் பிடித்து வந்து ஒருநாள் மட்டும் ஆட வைப்பதற்கு அந்த ஊரில் 'கேப்' என்று பெயர். குளிர்காலம் வந்தால் பேஹாலாவிலிருந்து பாராசாத் வரை கேப் மயம்தான். நூற்று ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் என்று பரமசிவம் சொல்லச் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கிழமை, அரசு விடுமுறை எல்லாவற்றுக்கும் ஆள் வந்தார்கள். வங்காளிகளுக்கு மட்டும் வகுக்கத் தெரியவில்லை. முகாமில் காலை, கேப்பில் மதியம். பரமசிவம் எல்லைக்கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரோ கொடுத்த சந்தேஷ் இனிப்பைத் தின்றுகொண்டே கட்டைவிரலை அழுத்துவார். அத்தனை சந்தோஷமாக அவர் எந்தக் கப்பலையும் எண்ணியதில்லை.

தேர்வு ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை, பாதி திறந்திருந்த கதவு வழியாக அவர் ஒன்றைப் பார்த்தார். வருண் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தான். உட்கார்ந்தும் இல்லை, குனிந்தும் இல்லை. காலை மேலே தூக்கி, பல்லைக் கடித்து, சாக்ஸை விரல் விரலாக இழுத்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கும்போது கட்டிலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, பிறகு இடப்பக்க இடுப்பை.

"என்னலே அது?"

"ஒண்ணுமில்லப்பா. மசில் பிடிச்சிருக்கு."

"எத்தன நாளா?"

"தூர் பாபா," என்று வங்காளியில் சலித்துக்கொண்டான். "நீங்க சும்மா இருங்க. நாளைக்கு எட்டு ஓவர். அவ்ளோதான்."

பரமசிவம் தினமும் கவுண்டர் எண்ணைக் குறித்து வைக்கும் நோட்டை எடுத்தார். படிவத்தில் என்ன எழுதினாலும் நோட்டில் மட்டும் அவர் பொய் எண் எழுதியதில்லை. அந்தக் கட்டைவிரல் எழுத விடாது. கடைசி நாற்பத்திரண்டு நாளைக் கூட்டினார். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து. மறுபடி கூட்டினார். அதே எண்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எண் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் காலை ஜாதவ்பூர் பக்கத்து மைதானத்துக்கு அவனுக்கு முன்பே போய் நின்றார். முகாமின் ஃபிசியோ சாதனா, அவர் பழைய நண்பர் ரங்கராஜன் மகள். லேக் மார்க்கெட்டில் வளர்ந்த பெண். குழந்தையில் இவர் மடியில் உட்கார்ந்து கதை கேட்டவள்.

"சாதனா, அவன் இன்னிக்கு ஆடக்கூடாதும்மா. ஆறு வாரத்துல ரெண்டாயிரத்து முந்நூத்திப் பத்துப் பந்து போட்டிருக்கான்."

அவள் டேப்பைக் கிழித்துக்கொண்டே சிரித்தாள். "அங்கிள், மெஷின்கூட அவ்ளோ போடாது."

"சத்தியமாச் சொல்லுதேன். படிவத்துல நான்தான் குறைச்சு எழுதினேன்."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. போனை எடுத்துப் படிவத்தைப் பார்த்தாள். "இங்க எழுநூத்தி எழுபது இருக்கு." ஒரு கணம் மேலே பார்த்து மனக்கணக்குப் போட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. "உங்க ரெண்டாயிரத்து முந்நூத்திப் பத்த மூணால வகுத்தா கரெக்டா எழுநூத்தி எழுபது! டேலி ஆறதே அங்கிள்!"

பரமசிவம் நோட்டை நீட்டினார். "இதப் பாரு. நாள் வாரியா இருக்கு."

அவள் புரட்டினாள். ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணிய எண்கள், ஒன்றுகூடப் பிசகில்லை. ஆனால் ஓரத்தில் அவர் கையெழுத்தில் வேறு சங்கதிகளும் இருந்தன. 'வேகம் 152.' 'ஸ்டம்ப் மூன்று துண்டு, ஒரு துண்டு குளத்தில் விழுந்தது.' 'பேட்ஸ்மேன் பயத்தில் அழுதான்.' 'கூட்டம் முப்பதாயிரம்.' சாதனா நோட்டை மூடி அவர் கையிலேயே வைத்தாள். கோபமில்லை, அன்பாகத்தான் வைத்தாள்.

அதற்குள் வருண் வந்துவிட்டான்.

"வருண், உங்கப்பா ஏதோ சொல்றார். எவ்ளோ போட்டே? நெஜமாச் சொல்லு."

வருண் அப்பாவைப் பார்த்தான். மற்ற பத்துப் பேரும் ஓரமாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். "படிவத்துல இருக்கறதுதான் தீதி. அப்பாவ உங்களுக்குத் தெரியாதா?"

"லே வருணு..."

"பயமா இருந்தா வீட்டுக்குப் போங்கப்பா."

ஆனாலும் சாதனா தன் வேலையைச் செய்தாள். இடக்காலில் மட்டும் நின்று உடம்பைப் பின்பக்கமாக வளைக்கச் சொன்னாள். வலக்கை பவுலருக்கு முதலில் போவது முதுகெலும்பின் இடப்பக்கம். வளைத்தால் அங்கே சுரீர் என்கும். வருண் வளைந்தான். புன்னகையோடு வளைந்தான். "வலிக்கறதா?" "துளிகூட இல்ல." அவன் முகத்தைச் சாதனா பார்த்தாள். அவன் கால் விரல்களைப் பார்த்தது பரமசிவம் மட்டும்தான். ஷூவுக்குள் அவை மடங்குவது அவருக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

வீச ஆரம்பித்தான். இதை மட்டும் யாரும் வகுக்க வேண்டாம்: அன்று அவன் போட்டது போல அந்த மைதானத்தில் யாரும் போட்டு பரமசிவம் பார்த்ததில்லை. பனி முழுதாக விலகவில்லை. புதுப் பந்து கடைசி நொடியில் வெளியே விலகியது. அடுத்தது அதே இடத்தில் குத்தி உள்ளே பாய்ந்தது. விக்கெட் கீப்பர் இரண்டு அடி பின்னால் போனான், பிறகு இன்னும் இரண்டு. தேர்வாளர்களில் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பரமசிவத்தின் கட்டைவிரல் தானாக அழுத்திக்கொண்டிருந்தது. நாற்பது. நாற்பத்தொன்று. ஒவ்வொரு பந்துக்கும் பிறகு அவன் திரும்பி நடக்கும் நேரம் ஒவ்வொரு நொடியாக நீண்டுகொண்டே வந்தது. அதையும் அவர் எண்ணினார்.

நாற்பத்தாறாவது பந்து. இடக்கால் தரையில் ஊன்றியது, கை சுழன்றது, நடு ஸ்டம்ப் பறந்தது. எல்லோரும் கத்திக்கொண்டு அவனை நோக்கி ஓடினார்கள். அவன் குப்புறக் கிடந்தான். சந்தோஷத்தில் மண்ணை முத்தமிடுகிறான் என்று நினைத்து ஒருவன் அவன்மேல் விழப்போனான். அப்போதுதான் அவன் போட்ட சத்தம் கேட்டது.

அந்த ஸ்டம்ப் உண்மையாகவே இரண்டாக ஒடிந்திருந்தது. இட்லிக்கடையில் ஒரு மாதம் ஓட்ட வேண்டிய சங்கதி. அதைப் பரமசிவம் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவனைத் தூக்கும்போது சாதனா நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். "ரெண்டாயிரத்து முந்நூறா அங்கிள்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முந்நூத்திப் பத்து," என்றார் அவர்.

அவர்கள் ஸ்ட்ரெச்சரோடு எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்குள் அடுத்த பவுலர் வந்து, அடி வைத்து எண்ணி, தன் ஓட்டம் தொடங்கும் இடத்தில் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தான். அவனும் நல்ல உயரம்.

அலிப்பூர் பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இடப்பக்கம் எலும்பு முழுதாக விட்டுவிட்டது. வலப்பக்கமும் விரிசல். ஸ்க்ரூ வைக்க வேண்டியிருக்கலாம். ஒரு வருஷம் ஆகும். அதற்குப் பிறகு ஓடலாம், சைக்கிள் விடலாம், வேலைக்குப் போகலாம். வேகமாகப் பந்து வீசுவது பற்றி அவர் வாக்குக் கொடுக்க மாட்டார்.

நடைபாதையில் நின்று பரமசிவம் சுலோசனாவுக்குப் போன் செய்தார்.

"டாக்டர் என்ன சொன்னாவ?"

"ஒரு வருஷம் ஆவுமாம் சுலோ."

அந்தப் பக்கம் அவள் வகுத்துக்கொண்டிருக்கிறாள்.

"நாலு மாசமா," என்று மூச்சு விட்டாள். "நான்கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். வைகாசிக்குள்ள ஓடிருவான்."

"இல்ல. இது வகுக்குற கணக்கு இல்ல. கேளு..."

"உங்களப் பத்தித் தெரியாதா எனக்கு? நீங்க பதறிப் புள்ளையையும் பதற வைக்காதீங்க. ரசம் வச்சிட்டேன். வந்து பிளாஸ்க்க எடுத்துட்டுப் போங்க." வைத்துவிட்டாள்.

உள்ளே வருண் அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். டாக்டர் இன்னும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

"அம்மா என்ன சொன்னா?"

"நாலு மாசம்ங்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பரமசிவம் சட்டைப்பைக்குள் கையை விட்டார். கவுண்டர் சில்லென்று இருந்தது. அதில் நாற்பத்தாறு.

"ஒரு வருஷம்னேன்."

வருண் சிரித்தான். சிரித்ததில் முதுகு இழுத்து முகம் கோணியது, ஆனாலும் சிரித்தான். "அப்ப அம்மா சொல்றதுதான் கரெக்ட்," என்று கண்ணை மூடிக்கொண்டான்.